0.08க்கு கீழ இருந்தா தப்பில்லன்னு சொல்றவங்களுக்கு

ரெண்டு மூணு நாளா இங்க அமெரிக்கால நான் இருக்கிற எல்லா அமெரிக்கன் ஃபுட்பால் க்ரூப்லயும் ஒரே பேச்சு. ஒரு காலேஜ் ப்ளேயர் குடிச்சிட்டு கார் ஓட்டி போலீஸ்ல மாட்டிக்கிட்டானாம். பேர் நான் சொல்லமாட்டேன், ஏன்னா இதுவரைக்கும் யார் கையிலயும் ஒரு பேப்பர் இல்ல, எவனோ எவன்கிட்டயோ கேட்டதுதான் சுத்திட்டு இருக்கு. அரெஸ்ட் ஆகியிருந்தா பொதுவா கவுன்ட்டி ஜெயில் புக்கிங் லிஸ்ட்ல பேர் வந்துரும், யார் வேணாலும் பாத்துக்கலாம். அது வர்றதுக்குள்ள ஒரு சின்னப் பையன் பேர நாறடிக்கிறதுல எனக்கு துளியும் இஷ்டமில்ல.

எனக்கு கோவம் வந்தது அதுக்கு ரசிகர்கள் சொல்ற சமாதானத்தப் பாத்து. "ரத்தத்துல ஆல்கஹால் 0.05 சதவீதம்தான் காட்டுச்சாம், லிமிட் 0.08, அப்புறம் எதுக்கு கேஸு?" இது ஒரு குரூப். "ஆளு 140 கிலோ, நாலு பீர் அவன என்ன பண்ணிரும்?" இது இன்னொரு குரூப்.

முதல்ல வயச பாருங்கப்பா. 21 வயசு ஆகாதவனுக்கு இந்த 0.08 கணக்கே கிடையாது. 1984ல அதிபர் ரீகன் கையெழுத்து போட்ட சட்டம், குடிக்கிற வயச 21 ஆக்கலன்னா மத்திய அரசு தர்ற ஹைவே நிதிய குறைப்போம்னு மாநிலங்கள வழிக்கு கொண்டு வந்துச்சு, சவுத் டகோட்டா அத எதுத்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1987ல தோத்துச்சு. அப்புறம் 1995ல அதே நிதிய கையில வச்சுக்கிட்டு, 21க்கு கீழ இருக்கிறவன் ரத்தத்துல 0.02 சதவீதம் இருந்தாலே குடிச்சிட்டு ஓட்டுன கணக்குதான்னு எல்லா மாநிலத்தையும் சட்டம் போட வச்சாங்க. ஜார்ஜியால இன்னைக்கும் அந்த 0.02தான், கலிஃபோர்னியால 0.01, டெக்சாஸ்ல கண்டுபிடிக்கிற அளவுக்கு இருந்தாலே போச்சு. காலேஜ் டீம்ல நிறையப் பேர் 18, 19, 20 வயசுப் பசங்க. அதனால 0.05னு சொல்லி நீங்க அவன காப்பாத்தல, அந்த வயசா இருந்தா அவன் மேல இருக்கிற குற்றத்த நீங்களே உறுதிப்படுத்துறீங்க.

அடுத்தது உடம்பு கணக்கு. பெரிய உடம்புல நீர்ச்சத்து ஜாஸ்தி, அதனால அதே நாலு பீருக்கு அளவு கம்மியா காட்டும், ஒத்துக்கிறேன். ஆனா சட்டம் பாக்கிறது எத்தன பீர்னு இல்லயே, ரத்தத்துல எவ்ளோ இருக்குன்னுதானே. 140 கிலோ ஆளுக்கு 0.08 ஏறுச்சுன்னா 60 கிலோ ஆளுக்கு ஏறுன அதே 0.08தான், அவன் அதுக்கு இன்னும் நிறைய குடிச்சிருக்கான், அவ்ளோதான். இன்னொன்னு, ஒடம்பு ஒரு மணி நேரத்துக்கு சுமார் 0.015தான் குறைக்கும், போலீஸ் கார நிறுத்தி ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தா ஓட்டும்போது இருந்தது பெரும்பாலும் அதவிட ஜாஸ்தியாதான் இருந்திருக்கும்.

ரோட்டோரம் போலீஸ் என்ன பண்ணுவாங்கன்னு பாத்திருக்கீங்களா? கோட்டு மேல ஒரு கால் குதிகால் இன்னொரு கால் விரலத் தொடுற மாதிரி ஒன்பது ஸ்டெப் போகச் சொல்லி, திரும்பி ஒன்பது ஸ்டெப் வரச் சொல்லுவாங்க, ஒத்தக் கால்ல நிக்கச் சொல்லுவாங்க. வருஷம் பூரா பேலன்ஸ் ட்ரில் பண்ற ப்ளேயர் இதுல தப்பிச்சாலும் தப்பிச்சுருவான். ஆனா முகத்துக்கு முன்னாடி ஒரு பேனாவ பக்கவாட்டுல மெதுவா நகர்த்தி கண்ணால மட்டும் பின்தொடரச் சொல்லுவாங்க பாருங்க, அங்கதான் குடிச்சவன் கண்ணு வழுக்காம குட்டிக் குட்டியா துள்ளும். அத அவனால அடக்க முடியாது, எந்த ஜிம்முக்குப் போனாலும் அதுக்கு பயிற்சி கிடையாது.

அந்த 0.08 என்ன வானத்துலருந்து வந்த நம்பரா? 1938ல டாக்டர்கள் சங்கமும் நேஷனல் சேஃப்டி கவுன்சிலும் சொன்ன அளவு 0.15. அப்புறம் ரொம்ப நாள் பல மாநிலத்துல 0.10 இருந்துச்சு. 2000ல கிளின்டன் காலத்துலதான் மறுபடியும் நிதிய காட்டி 0.08 ஆக்கச் சொன்னாங்க, 2004லதான் கடைசி மாநிலமும் வழிக்கு வந்துச்சு. 2013ல விபத்துகள விசாரிக்கிற என்டிஎஸ்பி இத 0.05 ஆக்குங்கன்னு கேட்டுச்சு. அத ஏத்துக்கிட்டது யூட்டா மாநிலம் மட்டும்தான், 2018 டிசம்பர் 30லருந்து அங்க 0.05. ஹோட்டல்காரங்க எல்லாம் குதிச்சாங்க, டூரிஸ்ட் வரமாட்டான்னாங்க. ஆனா 2016ஓட ஒப்பிட்டா 2019ல அங்க உயிர் போன விபத்து விகிதம் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சதா மத்திய அரசோட ஆய்வே சொல்லுது. இதுக்கப்புறமும் மத்த மாநிலங்க ஏன் தயங்குதுன்னு எனக்கு சத்தியமா புரியல. விஸ்கான்சின்ல முதல் தடவ மாட்டுனா பொதுவா அது கிரிமினல் கேஸே கிடையாது, அபராதம், கொஞ்ச மாசம் லைசென்ஸ் ரத்து, அதோட முடிஞ்சிரும். மேட்ச் நாள் காலையிலயே பார்க்கிங் லாட்ல கார் டிக்கிய தொறந்து வச்சு சிவப்பு கப்போட குடிக்க ஆரம்பிக்கிற கூட்டம் சாயங்காலம் அதே கார எடுத்துட்டுதான் ஹைவேக்கு போகுது, அந்த மாநிலத்துல இப்படி ஒரு சட்டம்.

2022ல மட்டும் அமெரிக்கால குடிச்சிட்டு ஓட்டுன விபத்துகள்ல 13,524 பேர் செத்திருக்காங்க. இந்த விளையாட்டுக்குள்ளயே பாருங்க. 2023 ஜனவரி 15, ஜார்ஜியா டீம் சாம்பியன் ஆனத ஊர்வலமா கொண்டாடி முடிச்ச ராத்திரி, அந்த டீம் ப்ளேயர் டெவின் வில்லாக், 20 வயசுப் பையன், அவன் போன வண்டி மணிக்கு 104 மைல் வேகத்துல இருந்துச்சுன்னு போலீஸ் சொன்னாங்க. ஓட்டுனது டீம் ஸ்டாஃப்ல இருந்த ஒரு இளம் பொண்ணு, ரத்தத்துல 0.197. ரெண்டு பேரும் போய்ட்டாங்க. அதுக்கு முன்னாடி 2021 நவம்பர்ல, அலபாமா காலேஜ் டீமுக்கு ஆடி, என்எஃப்எல்னு சொல்ற ப்ரொஃபஷனல் லீக்குக்குப் போன ஹென்ரி ரக்ஸ், லாஸ் வேகாஸ்ல 156 மைல் வேகத்துல போய் ஒரு 23 வயசுப் பொண்ணோட கார் மேல மோதினான், அளவு 0.161. அந்தப் பொண்ணு கார் தீப்பிடிச்சு உள்ளயே போய்ட்டா. அவனுக்கு 3லருந்து 10 வருஷம் ஜெயில், மோதுனப்போ அவனுக்கே 22 வயசுதான்.

அதனாலதான் கோச் மைக் முன்னாடி நின்னு "டீம் ரூல்ஸ மீறிட்டான், உள்ளுக்குள்ள பாத்துக்கிறோம்"னு ஒரு வரில முடிக்கும்போது எனக்கு வயிறு எரியுது. ஒரு மேட்ச் உக்கார வைப்பாங்க, அதுவும் எப்படியும் ஜெயிக்கப்போற சின்ன டீமோட மேட்சா பாத்து. பையன் கையில கார் சாவி அப்படியேதான் இருக்கும். இத்தன கோடி சம்பாதிக்கிற டீம், ராத்திரி ரெண்டு மணிக்கு போன் பண்ணா வந்து கூட்டிட்டுப் போக வண்டி வச்சிருக்கா, அந்த போன் பண்ணதுக்காக அவன தண்டிக்காம இருக்கா, இத எந்த ரசிகனாவது கேட்டிருக்கானா?

இந்தப் பையன் விஷயம் பொய்யா இருந்தா ரொம்ப சந்தோஷம், அவன் பேர பரப்புனவங்க அதே க்ரூப்ல வந்து மன்னிப்பு கேக்கணும். உண்மையா இருந்தா சனிக்கிழமை ஆடுவானா மாட்டானான்னு என்கிட்ட கேக்காதீங்க. அவன் வயசு என்ன, அளவு என்ன, கார்ல கூட யார் இருந்தாங்க, எதுத்தாப்ல யார் வந்தாங்க, நான் கேக்கப்போறது அதத்தான்.