திப்ஹிரின் துறவியர் ஏன் ஊரைவிட்டுப் போகவில்லை?

சவியே போவ்வா இயக்கி, 2010ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரீ பரிசு பெற்ற ‘ஆஃப் காட்ஸ் அண்ட் மென்’ என்ற பிரெஞ்சுப் படத்தை, பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் தமிழ் அன்பியக் குழுவினர் தவக்காலத்தில் திரையிட்டார்கள். தீவிரவாதிகளிடம் உயிரைக் கொடுத்த துறவியரின் கதை என்றே முடிவில் பலரும் பேசிக்கொண்டார்கள். பல மதத்தாரோடு சுவர் ஒட்டி வாழும் பினாங்குக்காரர்களாகிய நாம் அந்தப் படத்தை அவ்வளவு சுருக்கிவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது.

படம் உண்மை நிகழ்ச்சியைத் தழுவியது. வட ஆப்பிரிக்க நாடான அல்ஜீரியாவில் 1992இல் தேர்தல் ரத்தானதைத் தொடர்ந்து மூண்ட உள்நாட்டுப் போரில் ஒரு லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள் என்பது மதிப்பீடு. மெடியா நகருக்கு அருகே, மலைப்பகுதியில் இருந்த திப்ஹிரின் மடத்தின் டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவியருள் ஏழு பேர் 1996 மார்ச் 26 நள்ளிரவை ஒட்டிக் கடத்தப்பட்டார்கள். மே மாத இறுதியில் அவர்களுடைய தலைகள் மட்டுமே கிடைத்தன. ஆயுதக்குழு ஒன்று பொறுப்பேற்றிருந்தாலும், உண்மையில் நடந்தது என்ன என்ற ஐயம் இன்றுவரை தீரவில்லை. படம் அந்த ஐயத்துக்குள் போகவில்லை, கொலையையும் காட்டவில்லை. பனிக்குள் நடந்து மறையும் மனிதர்களோடு நிறுத்திக்கொள்கிறது.

அதற்கு முந்தைய ஏறத்தாழ இரண்டு மணி நேரமும் செபம், தோட்டம், தேன், மருந்து என்றே செல்கிறது. மைக்கேல் லோன்ஸ்டேல் நடித்திருக்கும் மருத்துவத் துறவி லுயிக், மூச்சிரைக்க இரைக்க நோயாளிகளைப் பார்க்கிறார். காதல் எப்படி இருக்கும் என்று கேட்கும் முஸ்லிம் பெண்ணுக்கு, பெற்ற தகப்பனைப் போல் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்கிறார். ஊர்ப் பிள்ளையின் சுன்னத்து விருந்தில் துறவியரும் விருந்தினராக அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைத் தனித்துக் காட்ட இயக்குநர் எங்கும் முயலவில்லை.

என்னை மிகவும் பாதித்தவை மேசையைச் சுற்றி நடக்கும் கூட்டங்கள்தாம். மடத்தலைவர் கிறிஸ்தியான் யாரையும் கேட்காமல் இராணுவப் பாதுகாப்பை மறுத்துவிடுகிறார். நீங்கள் தனியாக முடிவெடுக்கவா உங்களைத் தேர்ந்தெடுத்தோம் என்று சக துறவியர் முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். சிலர் போய்விடலாம் என்கிறார்கள், சிலர் தயங்குகிறார்கள், இளையவரான கிறிஸ்தோஃப் இரவில் தம் அறையில் கடவுளிடம் கதறுகிறார். சாவுக்கு அஞ்சுவது விசுவாசக் குறைவு என்று யாரும் அவரைக் கண்டிக்கவில்லை. முடிவு பழுக்கும்வரை காத்திருக்கிறார்கள். நம் கோயில் நிர்வாகங்களிலும் பங்குப் பேரவைகளிலும் கருத்து வேறுபாடு எழுந்தவுடன் நடப்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் பொறுமையின் அருமை தெரியும்.

இருப்பதா, போவதா என்பதற்கு விடை கிடைக்கும் இடம் ஊர்க்காரர்களோடு நடக்கும் பேச்சு. நாங்கள் கிளையில் உட்கார்ந்த பறவைகள், எப்போது கிளம்புவோமோ தெரியாது என்று துறவி ஒருவர் சொல்ல, பறவைகள் நாங்கள்தான், நீங்கள் கிளை, நீங்கள் போனால் எங்களுக்குக் கால் ஊன்ற இடமில்லை என்று ஊர்ப் பெண் ஒருத்தி மறுக்கிறாள். அவள் முஸ்லிம். அந்தப் போரில் இமாம்களும் கொல்லப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இதை இரண்டு மதங்களின் மோதலாகப் படிப்பது எவ்வளவு தவறு என்பது விளங்கும்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் குயின் தெரு மாரியம்மன் கோயிலும் சில நிமிட நடையில் இருப்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போய், ரெண்டாங் கறியும் முறுக்கும் சாப்பிட்டு வருகிறோம். அது நல்ல வழக்கம். ஆனால் அடுத்த வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, நோயில் கிடக்கும்போது, அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் அளவுக்கு எங்கள் தாமான் குடியிருப்பில் எத்தனை பேருக்குப் பழக்கம் இருக்கிறது? திப்ஹிரினில் அந்தப் பழக்கம் ஆண்டுக்கணக்கில் அன்றாடம் வளர்ந்தது. அது இல்லாதிருந்தால், போகாதீர்கள் என்று சொல்ல அங்கே ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. சைக்கோவ்ஸ்கியின் இசை ஒலிக்க, துறவியர் கடைசியாக ஒன்றாகத் திராட்சை ரசம் அருந்தும் காட்சியில் கேமரா ஒவ்வொரு முகமாக நெருங்கி நெடுநேரம் நிற்கிறது. பலர் அங்கே அழுதார்கள், நானும் கலங்கினேன். ஆனால் அந்த நெருக்கத்தில் ஒரு பங்கு அந்த ஊர் மக்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும். துறவியர் போன பிறகும் அந்தப் போருக்குள் அந்த ஊரிலேயே வாழ வேண்டியிருந்தவர்கள் அவர்கள். கிளை என்று சொன்ன அந்தப் பெண்ணின் வீட்டுக்குள் கேமரா ஒருமுறை போயிருக்கலாம்.