அந்த 95 சதவீதக் கணக்கு

“பொறுப்புக் கேட்க ஒரு துணை இருந்தால் இலக்கை எட்டும் வாய்ப்பு 95 சதவீதம், எல்லோரிடமும் அறிவித்துவிட்டுத் தினமும் பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் கூடுவோம்” என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அமெரிக்கப் பயிற்சியாளர் சங்கம் ஒன்றின் பெயரில் உலவும் எண் அது. எத்தனை பேரை, எப்படி ஆராய்ந்தார்கள் என்ற விவரம் அதோடு வருவதே இல்லை.

கலிபோர்னியா டொமினிக்கன் பல்கலைக்கழகத்தின் கெயில் மேத்யூஸ் செய்த ஆய்வு உண்மையானது. இலக்கை எழுதிவைத்து, வாராவாரம் நண்பருக்கு முன்னேற்றத்தைத் தெரிவித்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அதை முடித்தார்கள், அல்லது பாதிக்கு மேல் கடந்தார்கள். ஆனால் கடைசிவரை பங்கேற்றவர்கள் 149 பேர்தான்; காலம் நான்கே வாரம்.

ஊரறிய அறிவிப்பது வேறு கதை. 2009இல் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் குழு வெளியிட்ட ஆய்வில், தங்கள் நோக்கம் பிறருக்குத் தெரிந்துவிட்ட மாணவர்கள், அதில் மிகுந்த பற்று உள்ளவர்களாக இருந்தும், குறைவாகவே உழைத்தார்கள். பாராட்டு முன்கூட்டியே கிடைத்துவிட்டால் உழைப்பானேன்!

ஏரிக்கரை யோசனைக்கும் ஒரு வார்த்தை: எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து கிளம்புகிறவர் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுவதற்குள் இலக்கே மறந்துபோகும். வாசிப்பு இலக்கென்றால், ஞாயிறு இரவு ஒரே ஒருவருக்கு, எத்தனை பக்கம் படித்தேன், எது விடுபட்டது என்று குறுஞ்செய்தி அனுப்பினால் போதும்.