மண்முனைப் பாதைக்கு லைக் போட்ட எல்லாருக்கும்

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அந்தப் படத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பாதிப்பேர் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். மட்டக்களப்பு வாவியின் மண்முனைத் துறையில் பாதை என்கிற அந்த மிதவை நிற்கிறது, பின்னால் பொழுது படுகிறது, சைக்கிளோடு நாலைந்து பேர், ஒரு உழவு மிசின், குடையோடு ஒரு கிழவி. "பாலம் இல்லாத காலத்தில் மனங்களுக்குள் பாலம் இருந்தது, அந்தப் பொற்காலம் இனி வருமா" என்று மேலே எழுத்து. கீழே இதயமும் அழுகை முகமும் நிரம்பி வழிகிறது.

அதில் நான் ஒரே ஒரு வரிதான் எழுதினேன். "பொழுதுபட்டால் அந்தப் பாதை ஓடாது, அதையும் எழுதுங்கள்" என்று. அதற்கு வந்த பதில்களைப் பார்த்தீர்கள்தானே. "ரீச்சர், எல்லாத்திலயும் குறை பிடிக்காதீங்க." "ரீச்சருக்கு நல்லதப் பார்க்கவே தெரியாது." என்னிடம் ஆனா ஆவன்னா படித்த ஒரு பிள்ளையே அதற்குச் சிரிப்பு முகம் போட்டிருந்தது. அதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெளியூர் ஆட்களுக்காக ஒரு விசயம். பாதை என்று நாங்கள் சொல்வது ஆளையும் மாட்டையும் வாகனத்தையும் ஏற்றி வாவியைக் கடக்கிற தட்டையான மிதவையை. வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கம் எழுவான்கரை. அங்கேதான் பட்டினம், பெரியாஸ்பத்திரி, கச்சேரி என்கிற மாவட்டச் செயலகம் எல்லாம். மேற்கே நாங்கள், படுவான்கரை. வயல், மாடு, குளம். மட்டக்களப்புக்குச் சோறு போட்டது எங்கள் கரை. ஆனால் அந்தக் கரையில் கல்லடிப் பாலத்தை 1924இலேயே கட்டினார்கள். எங்களுக்கு மண்முனைப் பாலம் ஜப்பான் உதவியில் 2014இல்தான் வந்தது. இடையில் 90 வருடம். இந்த 90 வருடத்தைத்தான் நீங்கள் பொற்காலம் என்கிறீர்கள்.

எங்கள் அக்காவுக்குத் தலைப்பிள்ளை. 1982 மாரி. பின்நேரம் நோ எடுத்தது. ஊர் மருத்துவிச்சி வந்து பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டா. வண்டிலில் வைக்கோல் பரப்பி, மேலே பாய் போட்டு, மழைக்குச் சாக்கை மூடிக் கொண்டுபோனோம். நான் லாந்தரைப் பிடித்துக்கொண்டு பின்னால் இருந்தேன். துறைக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது. பாதை அந்தக் கரையில் கட்டிக் கிடந்தது. அத்தான் தொண்டை கிழியக் கூப்பிட்டார். வாடைக்காற்று சத்தத்தை எங்கள் பக்கமே திருப்பி அடித்தது. அந்தக் கரை வெளிச்சங்கள் எங்களுக்குத் தெரிகிறது. அவ்வளவு கிட்ட. அத்தான் தோணி தேடி ஓடினார். அந்தக் காற்றில் தோணி விட ஒருவரும் துணியவில்லை, அவர்களிலும் பிழை இல்லை. விடிய வெள்ளாப்பில் ஒரு மீன்காரர் வந்தார். அதற்கு முன்பே அக்காவுக்கு வண்டிலிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. அழவில்லை. அம்மா அதைத் தன் சீலைத் தலைப்பில் சுற்றி வைத்துக்கொண்டு, அக்காவிடம் "நித்திரை கொள்றான் மகள்" என்று சொன்னா.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. கொக்கட்டிச்சோலை, முனைக்காடு, அம்பிளாந்துறை, எந்த ஊரில் வேண்டுமானாலும் வயதான பொம்பிளைகளிடம் போய்க் கேளுங்கள். பிரசவமாக இல்லாவிட்டால் பாம்புக்கடியாக இருக்கும். பாம்புக்கடியாக இல்லாவிட்டால் காய்ச்சலாக இருக்கும்.

வவுணதீவு வழியால் சுற்றிப் போயிருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். தம்பி, மாரியில் அந்த றோட்டை நீங்கள் பார்க்கவில்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

"அந்தக் காலத்தில் ஒற்றுமை இருந்தது" என்பதுதான் எல்லாரும் பிடித்துத் தொங்குகிற வாதம். இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளிக்கு அடுத்த நாள் எங்கள் வளவில் ஒரு தென்னை நிற்கவில்லை. கூரை இருந்த வீடு ஊரில் சிலதுதான். மூன்று நாலு குடும்பம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம். சரி. ஆனால் 2004இல் சுனாமி வந்தபோது நாவலடியும் கல்லடியும் அழிந்தது என்று கேள்விப்பட்டு இதே படுவான்கரைச் சனம் சோற்றுப் பார்சல் கட்டிக் கட்டி அதே பாதையில் ஏற்றி அனுப்பியது. 2022இல் காஸ் இல்லாமல், மண்ணெண்ணெய் இல்லாமல் கிடந்தபோது பக்கத்து வீட்டுக்காரி எனக்கு விறகு கொண்டுவந்து போட்டா. ஒற்றுமை எங்கே போனது? உங்கள் படத்துக்குள் அடங்கவில்லை என்பதற்காக அது இல்லாமல் போய்விடுமா?

அந்த ஒற்றுமைக்குள் என்ன இருந்தது என்றும் கொஞ்சம் சொல்ல வேண்டும். போடியார் என்கிற பெரிய வயல்காரர் வீட்டுத் திண்ணையில் யார் ஏறலாம், யார் முற்றத்தோடு நிற்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். கோயில் பந்தியில் யாருக்கு எங்கே இடம் என்று தெரியும். பாதையிலும் தெரியும். அந்தப் படத்தில் குடையோடு நிற்கிற கிழவியை அழகு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்து வயல் வேலைக்கார மனிசி ஒருத்தி போடியாருக்கு முன்னால் குடை பிடித்துக்கொண்டு நிற்பாளா என்று உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கு அந்த வீட்டுப் பிள்ளைகள் வந்தாறுமூலையில் கம்பசில் படிக்கிறார்கள். என்னிடம் படித்த பெண்பிள்ளை ஒன்று ஸ்கூட்டியில் பாலத்தால் போய்ப் பட்டினத்தில் வேலை செய்துவிட்டு இரவு ஏழு மணிக்கு வீட்டுக்கு வருகிறது. ஒருவருக்கும் பயப்படாமல். எனக்கு அந்த வயதில் ஏழு மணி என்றால் கதவு சாத்துகிற நேரம்.

எல்லாவற்றையும் அரசியலாக்குகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துறையில் பாதையைப் பார்த்தவர்களுக்கு, பாதையோடு கூடவே சோதனைச் சாவடியையும் பார்த்த ஞாபகம் இருக்கும். பட்டரி கொண்டுபோக முடியாது, சீமெந்து முடியாது, உரம் முடியாது. பிள்ளைகளின் புத்தகப் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். 1987 தை மாதம் இறால் பண்ணையில் நடந்த படுகொலையையும், 1991 ஆனியில் நடந்த படுகொலையையும் மகிழடித்தீவுச் சனத்துக்கு ஒருவரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை, நினைவுத்தூபி ஊருக்குள்ளேயே நிற்கிறது. அப்புறம் இன்னொரு காலம் வந்தது. வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது பதில் வராத பெயர்கள் கூடிக்கொண்டு போன காலம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். சண்டைக்கு யார் கொண்டுபோனார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும். தாய்மார் என் மேசைக்கு முன்னால் நின்று, "ரீச்சர், பிள்ளை பள்ளிக்கூடம் வந்ததா?" என்று கேட்பார்கள். வந்தது என்று சொல்ல மாட்டோமா என்று என் முகத்தையே பார்ப்பார்கள். இதில் எதை அரசியல் இல்லாமல் எழுதுவது? சொல்லித் தாருங்கள், எழுதுகிறேன்.

1990 என்று ஒரு இலக்கம். எங்கள் மாவட்டத்தில் பிறந்து என் வயதில் இருக்கிற ஒருவரிடம் அந்த இலக்கத்தைச் சொன்னால் முகம் மாறும். ஆவணியில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். அடுத்த கிழமையே ஏறாவூர். புரட்டாதியில் வந்தாறுமூலை அகதி முகாமில் இருந்து பிடித்துக்கொண்டு போன 158 பேர் திரும்பி வரவில்லை. அதே மாதம் சத்துருக்கொண்டானிலும் படுகொலை. தமிழ், முஸ்லிம் இரண்டு பக்கமும் பிணம். அதற்கு முந்தி காத்தான்குடியில் இருந்து சைக்கிளில் சீலை கொண்டுவருகிற முஸ்லிம் வியாபாரி ஒருவர், காக்கா என்போம், எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்து, அம்மாவோடு அரை மணித்தியாலம் கதைத்து, கடனுக்குச் சீலை கொடுத்துவிட்டுப் போவார். அதற்குப் பிறகு வரவில்லை. உயிரோடு இருந்தாரா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. இதுதான் உங்கள் மனங்களுக்குள் இருந்த பாலம்.

இன்றைக்கு 1990 என்றால் அம்புலன்ஸ் இலக்கம். அக்காவின் பேத்திக்குப் போன வருடம் இரவு நோ எடுத்தபோது அந்த இலக்கத்தைத்தான் அடித்தோம். சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது, பாலத்தால் போனது, அன்றிரவே பட்டினத்துப் பெரியாஸ்பத்திரியில் வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். அதுவும் குறுக்கே கிடந்த பிள்ளைதான். ஒரு சதம் கட்டவில்லை. இந்த நாட்டைத் திட்டுவதற்கு எனக்கு ஆயிரம் காரணம் இருக்கிறது, திட்டுவேன். ஆனால் இதையும் இந்த நாடுதான் செய்தது. அக்காவிடம் உங்கள் படத்தைக் காட்டினோம். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தா. "இதுக்கு லைக் போட்ட ஆக்கள் எல்லாம் எந்த ஊரு?" என்று கேட்டா. நான் என்ன பதில் சொல்ல?

"அப்படியென்றால் இப்போது மட்டும் என்ன வாழ்கிறது?" என்று கேட்பீர்கள். கேட்டும் இருக்கிறீர்கள். நான் இப்போது எல்லாம் நல்லாயிருக்கிறது என்று எங்கே சொன்னேன்? பாலத்தால் அம்புலன்ஸ் வந்தது போலத்தான் கிழமைக்கடன்காரனும் வந்தான். ஒரு பெண் ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்து, அதைக் கட்ட மூன்றாவது எடுத்து, கடைசியில் மூன்று பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போன கதை எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறது. ஐஸ் போதை வந்தது. எங்கள் காலத்துக் கசிப்புச் சாராயம் ஆளை மெல்ல மெல்ல அழித்தது, இது பத்தொன்பது வயதிலேயே முடித்துவிடுகிறது. யானை முந்தியும் இருந்ததுதான், ஆனால் இப்போது வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கத்தில் வீட்டுச் சுவரை உடைத்து நெல் மூடையை இழுக்கிறது. ஆள் செத்தால் இரண்டு நாள் செய்தி, மறுகா ஒன்றும் இல்லை.

மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காக எங்கள் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் போய்ப் போராட்டத்தில் இருந்தார்கள். எத்தனை மாதம் வெயிலிலும் மழையிலும் இருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மட்டக்களப்புத் தயிர் என்று எல்லாரும் பெருமை பேசுகிறீர்கள், அந்த மாடு எங்கே மேய்வது? 2021இல் ஒரே நாளில் இரசாயன உரம் கூடாது என்று சட்டம் போட்டார்கள். என் தம்பியின் வயல் வட்டையில் அந்தப் பெரும்போகம் கதிர் மேல்நோக்கி நின்றது. நெல்மணி இருந்தால் கதிர் தலை சாயும், அது சாயவில்லை. 2025இல் அரசாங்கம் நாட்டரிசி நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் என்று விலை சொன்னது. சொன்ன விலைக்கு விற்க முடிந்தவன் பாக்கியவான். கையில் காசு இல்லாதவன் அறுவடை அன்றைக்கே வயல் வரம்பில் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டான்.

என் மகனும் கட்டாரில்தான் இருக்கிறான். அதையும் ஒருவர் இழுத்து எழுதியிருந்தார், "உங்கட மகனே இந்த நாட்டில் இல்லையே ரீச்சர்" என்று. ஆமாம், இல்லை. பட்டம் முடித்துவிட்டு நாலு வருடம் நேர்முகப் பரீட்சைக்கு அலைந்தான். 2022இல் பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் நின்று, QR குறியீட்டுக்குத் தந்த நாலு லீற்றரை அடித்துக்கொண்டு வந்து, "அம்மா, நான் போறன்" என்றான். நான் மறிக்கவில்லை. எந்த முகத்தோடு மறிப்பது? யுத்தத்துக்குள்ளும் இந்த மண்ணில் பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு இருந்த நாங்கள், யுத்தம் முடிந்து பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு பிள்ளைகளை அனுப்பிவிட்டோம். என் மனதுக்குள் இது எப்படிக் கிடக்கிறது என்று அதை எழுதியவருக்குத் தெரியுமா? அவர் இருப்பது கனடாவில். அவரையும் நான் பிழை சொல்ல மாட்டேன், 90இல் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடின ஆள். ஆனால் ஓடின காரணத்தை மறந்துவிட்டு, விட்டுவிட்டு வந்த பாதையை மட்டும் ஞாபகம் வைத்திருந்தால் எப்படி?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று என் மச்சாளும் கேட்டா. படம்தானே, விடு என்றா. விடலாம்தான். ஆனால் கஷ்டத்தை அழகு என்று சொல்லிச் சொல்லியே அந்தக் கஷ்டத்தை எங்கள் தலையில் 90 வருடம் வைத்திருந்தார்கள். தேர்தலுக்குத் தேர்தல் வந்தவர்கள் எல்லாரும் "படுவான்கரை வெள்ளந்தி மனிசர்கள்" என்று மாலை வாங்கிக்கொண்டு போனார்கள். வெள்ளந்தி மனிசருக்குப் பாலம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள்போல. இப்போது எங்கள் பிள்ளைகளே அதைச் சொல்லும்போது பொறுக்க முடியவில்லை. நல்லது நடந்தால் நல்லது என்று சொல்லுங்கள். கெட்டதைக் கெட்டது என்று சொல்லுங்கள். பட்டபாட்டைப் பொற்காலம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இன்னும் பாதை பிடித்திருந்தால் குருமண்வெளிக்குப் போங்கள். மண்டூருக்குப் போகிற பாதை இருக்கிறது, வேண்டிய மட்டும் படம் எடுக்கலாம். எடுக்கும்போது அதில் நிற்கிற சனத்திடம் பாலம் கேட்டு எவ்வளவு காலம் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இரவில் ஒரு பிள்ளைத்தாச்சிக்கு நோ எடுத்தால் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிக் களுவாஞ்சிகுடிக்கு எப்படிப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே படத்துக்குக் கீழே எழுதிப் போடுங்கள், முதல் ஆளாக நான் பகிர்கிறேன்.