ஓசிப் பயணம் என்று சொல்லாதீர்கள்

சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் அந்தப் பேச்சாளர் பேசியதை நீங்களும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். மலாயாவின் 1955 தேர்தல் கூட்டணியில் இந்தியர்கள் ஓசிப் பயணிகளாம். கைதட்டல் வேறு. தட்டியவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். அதை நினைத்து இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

நாம் ஓசியில் ஏறவில்லை. 1955 ஜூலை 27 தேர்தலில் மொத்தம் 52 தொகுதிகள். கூட்டணியில் மலாய்க்காரர்களின் கட்சி அம்னோ 35, சீனர்களின் ம.சீ.ச. 15, நம் இந்தியர்களின் ம.இ.கா. 2 எனப் பிரித்துக்கொண்டு நின்று, 51-இல் ஜெயித்தார்கள். வெறும் இரண்டுதானே என்பவர்கள் அன்றைய வாக்காளர் பட்டியலைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதில் சுமார் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த நம் சனத்தில் குடியுரிமை வாங்கிப் பட்டியலில் ஏறியவர்கள் சொற்பம். அப்புறம் தொகுதி எப்படிக் கிடைக்கும்?

அம்னோ தலைவர் துங்கு அப்துல் ரஹ்மான் தொகுதிகளை விட்டுக்கொடுத்ததற்கு நன்றி வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அவர் மனசை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இனங்கள் ஒன்றுசேர்ந்து நிற்காமல் ஆட்சியைக் கையில் தர வெள்ளைக்காரன் தயாராக இல்லை. அப்படிச் சேர்ந்து நின்றவர்களில் நாமும் ஒருவர். 1952 கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் அம்னோ-ம.சீ.ச. அணியை எதிர்த்த டத்தோ ஓன் பக்கம் ம.இ.கா. நின்றதே, 1954-இல்தானே கூட்டணிக்கு வந்தது என்றும் சிலர் எழுதுவீர்கள். சரி, தாமதம்தான். தாமதமாக வந்தவன் ஓசியில் வந்தவனா?

என் பாட்டி விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடியவர். ம.இ.கா. தலைவர் சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரான செய்தி வந்த அன்று, லயத்து வாசலில் எல்லோருக்கும் வரக்காப்பி கலக்கிக் கொடுத்தாராம். "நம்ம ஆளு மந்திரி" என்று சொல்லும்போது எழுபது வயதிலும் அவர் குரல் ஏறும். அவருக்கு ஓட்டே கிடையாது. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை. பிறந்த தேதிக்குப் பத்திரம் இல்லை, மலாய் சரியாகப் பேச வரவில்லை என்று கவுண்டருக்குக் கவுண்டர் திருப்பி அனுப்பினார்கள். அந்த அட்டையைப் பிஸ்கட் டின்னில், தாத்தாவின் சம்பளச் சீட்டுகளோடு வைத்திருந்தார். ஓரமெல்லாம் நைந்துபோய் இப்போது என்னிடம் இருக்கிறது.

ஒவ்வொரு தேர்தலுக்கும் நல்ல சேலை கட்டிக்கொண்டு அம்மாவோடு பள்ளிக்கூட வாசல்வரை வருவார். அம்மா உள்ளே போய் ஓட்டுப் போட்டு வரும்வரை வேலியைப் பிடித்தபடி வெயிலில் நிற்பார். ஒருமுறைகூட அவர் உள்ளே போனதில்லை.

கைதட்டியவர்களே, அந்த வேலியோரம் நின்ற கிழவியையா ஓசிப் பயணி என்கிறீர்கள்?