அந்தப் படத்தை ஏன் சுருட்டினீர்கள்?

மூன்று நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். நேற்று இரவு வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "நல்ல வேளை, பிள்ளைகள் தப்பினார்கள்" என்று எழுத, கீழே 20 பேர் கைகூப்பும் இமோஜி போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு முடியவில்லை.

எந்த விசயம் என்று திருகோணமலை ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தரம் 9 பிள்ளைகளுக்குப் பருவமடைதல் பற்றிச் சொல்ல ஒரு குடும்பநல உத்தியோகத்தர் வந்தார். பள்ளிக்கூடம் கூப்பிட்டுத்தான் வந்தார். கால் மணித்தியாலத்தில் யாரோ போன் எடுத்துச் சத்தம் போட, கொழுவியிருந்த படத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தப்பினார்களாம். எதிலிருந்து? கருப்பையின் படத்திலிருந்து!

அது பாடப்புத்தகத்திலேயே வரப்போகிற படம் ஐயா. சாதாரண தர விஞ்ஞானத்தில் இனப்பெருக்கம் என்று ஓர் அலகே இருக்கிறது. எங்கள் காலத்தில் அந்த அலகு வந்ததும் சேர், "இது லேசு, வீட்டில வாசியுங்கோ" என்று பக்கங்களைச் சேர்த்துப் பிரட்டிவிட்டார். வீட்டில் விரித்தால் அம்மம்மா புத்தகத்தைப் பறித்தா.

கைகூப்பிய அதே ஆட்கள்தான், மகள் சாமத்தியப்பட்டதும் மண்டபம் எடுத்து, டச் பே கடற்கரையில் மானுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்து, சந்தியில் 10 அடிக்குப் பதாகை கட்டுகிறவர்கள். ஊருக்கே தெரியலாம். தன் உடம்பில் என்ன நடந்தது என்று பிள்ளைக்கு மட்டும் தெரியக்கூடாது.

எனக்கும் சாமத்தியச் சடங்கு செய்தார்கள். ரத்தத்தைக் கண்டு, சாகப்போகிறேன் என்று கிணற்றடியில் அழுதுகொண்டு நின்றேன். மாமி வந்து பார்த்துச் சிரித்தா. "பெரியபிள்ளை ஆயிட்டாய்." அவ்வளவுதான் விளக்கம். பிறகு பச்சை முட்டை, நல்லெண்ணெய், உழுந்தங்களி, ஆலாத்தி. அடுத்த மாதமும் ரத்தத்தைக் கண்டபோது, எல்லாரும் சேர்ந்து மாற்றிவிட்ட வருத்தம் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுவிடும்" என்பவர்களுக்கு: சொல்லாமல் வளர்த்த பிள்ளைகள்தான் நாங்கள். நிலாவெளிப் பஸ்ஸில் ரியூசனுக்குப் போன காலத்தில் ஒருவர் ஒவ்வொரு நாளும் பக்கத்தில் வந்து உரசிக்கொண்டு நிற்பார். அதை அம்மாவிடம் சொல்ல என்னிடம் ஒரு சொல் இல்லை. "பஸ்ஸில ஒரு மாதிரி இருக்கு" என்றேன். "யன்னல் பக்கம் இரு, சத்தி வராது" என்றா.

பிழை அம்மாவில் இல்லை. அவவுக்கும் யாரும் சொல்லவில்லை.

இன்றைக்குச் சிறுவர் உதவிக்கு 1929 இலக்கத்துக்குப் போன் எடு என்கிறோம். சரி, எடுத்து என்ன சொல்வது? பஸ்ஸில ஒரு மாதிரி இருக்கு என்றா?

இப்படிப் பேச "வெளிநாட்டுக் காசு வருகுதா?" என்று கேட்கப்போகிறவருக்கு: வந்தால் முதலில் கரண்ட் பில் கட்டுவேன்.

"பொம்பிளைப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லலாமே" என்றார் ஒரு அண்ணன். தனியாக என்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம், கூச்சமில்லாமல் கேள்வி கேட்பார்கள். ஆனால் பொடியன்களுக்கு ஆர் சொல்வது? கையில் இருக்கிற போனா? 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்பிள்ளையோடு உறவு கொண்டால், அவள் சம்மதித்தாலும் குற்றம் குற்றம்தான் என்று 1995இல் சட்டத்தைத் திருத்தியாயிற்று. இது எத்தனை பொடியனுக்குத் தெரியும்? பொலிஸ் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு தெரியட்டும் என்று விட்டுவிடுவோமா? பிடிபட்ட பிறகு "நல்ல பிள்ளை, என்ன நடந்ததோ தெரியேல்ல" என்று அழுவதற்கும் இதே 20 பேர் வருவார்கள், கைகூப்பிக்கொண்டு.

அந்த உத்தியோகத்தரை எனக்குத் தெரியும். என் இரண்டு பிள்ளைகளையும் வீடு தேடி வந்து நிறுத்துப் பார்த்தவ. இந்த ஊரில் அரைவாசிப் பேர் பிறந்தபோது ஓடித் திரிந்தவவுக்குப் பிள்ளை எப்படிப் பிறக்கிறது என்று சொல்லத் தகுதி இல்லையாம். சுருட்டிய படத்தோடு வெயிலில் ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு நின்றாவாம். மகள்தான் சொன்னாள். அவளும் அந்த வகுப்புத்தான்.

நேற்று அவள் கேட்டாள்: "மிச்சம் என்னம்மா சொல்ல இருந்தவ?"

அடுப்பைப் பார்த்துவிட்டு வாறேன் என்று எழும்பினேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து சொன்னேன்தான். யன்னலைச் சாத்திவிட்டு.