சின்ன வண்டிக்கு டர்போ வாங்காதீர்கள், முதலில் டயர் வாங்குங்கள்

பெங்களூருவில் கோரமங்களா, எச்.எஸ்.ஆர். பக்கம் எந்த கேமிங் லவுஞ்சுக்குள் நுழைந்தாலும் ஒரே காட்சிதான். ஸ்டியரிங் வீல் முன்னால் உட்கார்ந்த ஆள் வண்டிப் பட்டியலின் கடைசிக்குப் போய், இருப்பதிலேயே அதிக குதிரைத்திறன் உள்ளதை எடுப்பார். முதல் வளைவிலேயே சுவரில் முத்தமிடுவார். "கேம் சரியில்லை மச்சி" என்று எழுந்து போவார். மணிக்கணக்குக்குக் கட்டிய காசு போச்சு.

என் கட்சி வேறு. கார் ரேஸ் கேமில் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால், இருப்பதிலேயே சோப்ளாங்கி வண்டியை எடுத்து, தன்னைவிட வேகமான வண்டிகளோடு போட்டி போட விட வேண்டும். எஞ்சின் சக்தி என்பது பெரும்பாலும் நம் தப்புகளை மூடி மறைக்கும் ஒரு வசதி. அது இல்லாதபோதுதான் எங்கே வேகத்தைக் கொட்டுகிறோம் என்று தெரியும்.

சும்மா சொல்லவில்லை, கணக்கோடு பார்ப்போம். கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் ரேஸ் கேமில் ஹோண்டா பீட் இருக்கிறது. 1991-ல் வந்த ஜப்பானிய கெய் ரக வண்டி, அதாவது அளவிலும் எஞ்சினிலும் சட்டப்படி சின்னதாக இருக்க வேண்டிய ரகம். 656 சிசி, 64 குதிரைத்திறன், 760 கிலோ. எதிரே நிசானின் ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆர்: 280 குதிரைத்திறன், 1430 கிலோ. ஒரு குதிரைத்திறன் சுமக்கும் எடை பீட்டில் ஏறக்குறைய 12 கிலோ, ஜிடி-ஆரில் 5 கிலோ.

இரண்டும் 100 கி.மீ. வேகத்தில், சரியான கியரில் போகின்றன என்று வையுங்கள். வளைவில் தேவையில்லாமல் பிரேக்கைத் தொட்டு இரண்டுமே 5 கி.மீ. வேகத்தை இழக்கின்றன. காற்றுத் தடை, டயர் உராய்வு எல்லாம் கழித்துப் போட்டால், அந்த 5-ஐ மீட்க ஜிடி-ஆருக்கு சுமார் 0.4 வினாடி போதும். பீட்டுக்கு 1 வினாடிக்கு மேல். அதே தப்பு 120-ல் நடந்தால் ஜிடி-ஆருக்கு அரை வினாடி, பீட்டுக்கு சுமார் 1.7 வினாடி. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் முப்படியாக (வேகம் இரட்டித்தால் எட்டு மடங்காக) ஏறுவதால், சின்ன எஞ்சினிடம் மேலே மிச்சமே இருப்பதில்லை. ஒரு சுற்றில் இப்படி நாலு இடத்தில் தொட்டால் போதும், ரேஸ் முடிந்தது.

ஆளும் சாமானும் ஏற்றிய 800 சிசி காரை நந்தி மலை மேலே ஓட்டியவர்களுக்கு இது தெரியும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். வளைவுக்குள் போய் யோசித்தால் வண்டி முக்கும், பின்னால் வருபவன் ஹாரன் அடிப்பான்.

சரி, வண்டியைத் தேற்றுவது எப்படி? கேமில் காசு கொஞ்சம் சேர்ந்ததும் எல்லோரும் முதலில் டர்போ (எஞ்சினுக்குள் அதிகக் காற்றை அழுத்தி சக்தி கூட்டும் சாமான்) பக்கம் ஓடுகிறார்கள். தப்பு. கிரான் டூரிஸ்மோவில் உயர் ஆர்பிஎம் டர்போவைச் சின்ன எஞ்சினில் மாட்டினால், எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது சக்தியில் ஒரு பெரிய பள்ளம் விழும். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒன்றும் நடக்காது; திடீரென்று எல்லாம் ஒரே நேரத்தில் வரும். அது போதாதென்று பிபி மதிப்பும் (வண்டியின் மொத்தத் திறனுக்கு கேம் தரும் புள்ளி) எகிறிவிடும். பிபி வரம்புள்ள ரேஸில் அதை ஈடுகட்ட வேறு ஏதாவதைக் குறைக்க வேண்டிவரும்.

என் வரிசை இது: முதலில் டயர், பிறகு எடைக் குறைப்பு, பிறகு கியர்பாக்ஸ், பிறகு டிஃபரென்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பங்கிடும் பாகம்). எஞ்சின் சாமான் கடைசியில்தான்.

டயரில் கம்ஃபர்ட்டிலிருந்து ஸ்போர்ட்ஸ் ரகத்துக்கு மாறுவது ஒன்றே வளைவு வேகத்தை மாற்றிவிடும். டயர் மாற்றினாலும் பிபி ஏறும், அது உண்மைதான். வரம்பு இடித்தால் எஞ்சின் சக்தியைக் குறைக்கும் பவர் ரெஸ்ட்ரிக்டரைக் கொஞ்சம் இறுக்கி, நல்ல டயரை வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வளைவுகள் நிறைந்த டிராக்கில் இந்தப் பேரம் பெரும்பாலும் லாபம். நீண்ட நேர்ச்சாலை உள்ள டிராக்கில் நஷ்டம்.

எடைக்கு ஒரு கணக்கு. 760 கிலோவில் 10 சதவீதம், அதாவது 76 கிலோ, குறைத்தால் பிக்கப்பைப் பொறுத்தவரை 64 குதிரைத்திறன் 71 ஆனதற்குச் சமம். எஞ்சினில் 7 குதிரை சேர்த்தால் பிக்கப் மட்டும்தான் கிடைக்கும். எடையைக் குறைத்தாலோ பிரேக்கும் வளைவும் சேர்ந்து தேறும். டயர் மேல் பாரம் கூடக் கூட, அதே விகிதத்தில் பிடிப்பு கூடுவதில்லை. அதனால் லேசான வண்டிக்கு ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் பிடிப்பு அதிகம். வளைவில் பெரிய வண்டியைச் சின்னது விரட்டிப் பிடிப்பதன் ரகசியம் பாதி இதுதான்.

கியர்பாக்ஸைப் பற்றி நிறையப் பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். பீட்டின் முழு சக்தி 8100 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) வருகிறது, முழு டார்க் (முறுக்கு விசை) 7000-ல். கீழே ஒன்றும் கிடையாது. ஆகவே கியரை மேலே தட்டும்போது ஆர்பிஎம் முள் 7000-க்குக் கீழே விழுந்தால் நீங்கள் நடந்து போகிறீர்கள் என்று அர்த்தம். ஆட்டோமேட்டிக் கியரை அணைத்துவிடுங்கள். அது வளைவு நடுவில், வேண்டாத நேரத்தில் மேல் கியருக்குத் தாவும். முழுதும் மாற்றக்கூடிய கியர்பாக்ஸை வாங்கி மாட்டினால் அதிகபட்ச வேகம் என்று ஒரு அமைப்பு வரும். அதைக் குறைத்தால் கியர்கள் எல்லாம் நெருங்கி வரும். எவ்வளவு குறைப்பது? அந்த டிராக்கின் மிக நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் கடைசி கியரில் முள் சிவப்புக் கோட்டை நெருங்க வேண்டும், தொடக் கூடாது. ஏன் தொடக் கூடாது என்றால், தனியாக ஓடிப் பார்த்து அமைக்கும்போது ஸ்லிப்ஸ்ட்ரீம் (முன்னால் போகும் வண்டி காற்றைக் கிழிப்பதால் பின்னால் வருபவனுக்குத் தடை குறைவது) கிடையாது. ரேஸில் பெரிய வண்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டால் கூடுதல் வேகம் கிடைக்கும். அந்த நேரம் பார்த்து முள் லிமிட்டரில் (எஞ்சின் சுழற்சியின் உச்ச வரம்பு) இடித்தால், காற்றுத் தடை குறைந்தும் பயனில்லாமல் எஞ்சின் அடித்துக்கொண்டு நிற்கும். ஒரு 8, 10 கி.மீ. இடம் விட்டு வையுங்கள்.

டிஃபரென்ஷியலைப் பற்றி இணையத்தில் மந்திர எண்கள் சுற்றுகின்றன, நம்ப வேண்டாம். முன்சக்கர இழுவை வண்டியென்றால் தொடக்க டார்க் 5 முதல் 10, முடுக்க உணர்திறன் 15 முதல் 25 என்று ஆரம்பித்து ஓட்டிப் பாருங்கள். உள் சக்கரம் புகை விட்டுச் சுழன்றால் கூட்டுங்கள். வண்டி திரும்ப மறுத்து நேராகப் போனால் குறையுங்கள். பீட் வேறு ரகம்: எஞ்சின் நடுவில், இழுவை பின்னால். வளைவு நடுவில் ஆக்சிலரேட்டரைப் படக்கென்று விட்டால் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். இதற்கு டிஃபரென்ஷியலின் பிரேக் உணர்திறனைச் சற்று ஏற்றி வைப்பது நல்லது. சஸ்பென்ஷன், கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) எல்லாம் அப்புறம். ஒழுங்காக ஒரு சுற்று ஓட்டத் தெரியாதவன் கேம்பரைத் திருகி என்ன ஆகப்போகிறது?

இனி ஓட்டம். பழகுவதற்கு நான் சொல்வது சுகுபா. ஜப்பானில் உள்ள 2.045 கி.மீ. டிராக். சின்ன வண்டிக்கென்றே அளந்து போட்டது போல இருக்கும். இரண்டாவது கொண்டை ஊசி வளைவு, அதன் பிறகு பின்புற நேர்ச்சாலை, அதன் முடிவில் நீண்ட வலது வளைவு. இந்த மூன்றையும் ஒரே வேலையாகப் பார்க்க வேண்டும். கொண்டை ஊசியில் சீக்கிரம் உள்ளே ஒடித்துவிட்டால், வெளியே வரும்போது சாலை தீர்ந்துபோகும், ஆக்சிலரேட்டரை விட வேண்டிவரும். அந்த ஒரு கணத்தின் அபராதத்தை நேர்ச்சாலை முழுக்கக் கட்டுவீர்கள். ஆகவே வெளி ஓரத்தில் ஒட்டி நின்று, ஒரு எண்ணிக்கை தாமதித்து, வளைவின் பாதியைத் தாண்டித்தான் உள் ஓரத்தைத் தொட வேண்டும். தொடும் நேரத்தில் ஆக்சிலரேட்டர் முழுதாக மிதிபட்டிருக்க வேண்டும். சக்தி குறைந்த வண்டி என்பதால் முழுதாக மிதித்தாலும் டயர் கதறாது. இது சோப்ளாங்கி வண்டியின் ஒரு வரம். கடைசி வலது வளைவில் நேர் எதிர்: அங்கே பிரேக் என்பது ஒரு தட்டு மட்டும், மீதியெல்லாம் ஸ்டியரிங்கை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருக்கும் பொறுமை. ஸ்டியரிங்கை அதிகம் திருகினால் முன் டயர் தேய்ந்து, வேகத்தைத் தின்னும். டயர் கிரீச்சென்று கத்தினால் வேகமாகப் போகிறோம் என்று நினைப்பு. கொஞ்சமாக முனகினால் சரி, கத்தினால் அது பிரேக்.

வண்டியின் அகலத்தையும் பயன்படுத்துங்கள். பீட் 1.4 மீட்டருக்குள் அடங்கும். ஜிடி-ஆரைவிட ஒரு அடிக்கு மேல் கூடுதல் சாலை உங்களுக்கு இருக்கிறது, அதனால் வளைவின் ஆரம் கூடும். ஆரம் 30 மீட்டராக இருந்தால், டயர் பிடிப்பு 1 ஜி (வண்டியின் எடைக்குச் சமமான விசை) என்று வைத்து, 62 கி.மீ.-ல் திரும்பலாம், ஆரம் 40 என்றால் 71. ஒரு அடியில் 10 மீட்டர் ஆரம் கிடைக்காதுதான். ஆனால் சாலையின் முழு அகலத்தையும் எடுப்பவனுக்கும் நடுச்சாலையிலேயே சுற்றி வருபவனுக்கும் உள்ள வித்தியாசம் அந்த அளவுக்கு வரும்.

இப்போது எதிரிகள். நேர்ச்சாலையில் அவர்கள் உங்களைத் தாண்டத்தான் போகிறார்கள். குறுக்கே குறுக்கே மறிக்காதீர்கள். ஆன்லைனில் இடித்துவிட்டால் பெனால்டி விழலாம், மரியாதையும் போகும். தாண்டட்டும். நேர்ச்சாலை முடிவில் என்ன நடக்கிறது பாருங்கள். 60 கி.மீ. வளைவுக்கு 165-ல் வரும் வண்டி, அதே 1 ஜி பிடிப்பில், 93 மீட்டர் முன்னால் பிரேக் அடிக்க வேண்டும். 120-ல் வரும் உங்களுக்கு 42 மீட்டர் போதும். அவன் பிரேக் விளக்கு எரிந்த பிறகும் 50 மீட்டர் முழு மிதியில் போவீர்கள். அவன் முதுகு பூதாகரமாக நெருங்கும். இங்கேதான் ஆசை வரும், பக்கத்தில் நுழைந்துவிடலாம் என்று. நுழையலாம், ஆனால் வளைவின் நடுவில் இருவரும் ஒரே வேகம், வெளியே வரும்போது அவனிடம் 280 குதிரை. மீண்டும் தாண்டிவிடுவான்.

ஆகவே நுழைவது வெறும் காட்சி. பலிக்கும் வழி வேறு: ஒன்றரை வண்டி நீளம் இடைவெளி விட்டு, அவனை முதலில் வளைவுக்குள் விடுங்கள். அவன் வேகத்தை முழுக்கக் கொன்று திரும்புவான். நீங்கள் அகலமாக, வேகத்தைக் கொல்லாமல் உருண்டு வந்து, அவன் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் கணத்தில் அவனைவிட 8, 10 கி.மீ. கூடுதலாக வெளியே வர வேண்டும். அடுத்த வளைவு பக்கத்தில் இருந்தால் இடம் உங்களுடையது. மிக ஒட்டிப் போனால் வளைவு நடுவில் அவனுக்காகப் பிரேக் அடிப்பீர்கள், எல்லாம் பாழ். இரண்டு பெரிய வண்டிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டிருந்தால் பின்னால் பொறுமையாக இருங்கள். அவர்களே ஒருவரை ஒருவர் மெதுவாக்குவார்கள்.

இந்த வித்தை கேமின் சாதாரண கணினி ஓட்டுநர்களிடம் சுலபமாக எடுபடும், அவர்கள் சீக்கிரம் பிரேக் அடிப்பவர்கள். 2023 நவம்பரில் பி.எஸ்.5-க்கு வந்த சோஃபி 2.0 என்ற செயற்கை நுண்ணறிவு எதிரிகளிடம் அப்படி எடுபடாது. அவை கடைசி மீட்டர் வரை காத்திருக்கும், நீங்கள் விட்ட இடைவெளியில் தாமே நுழையும். அசெட்டோ கோர்சா என்ற இன்னொரு ரேஸ் கேமில் எதிரியின் திறனை நாமே ஏற்றி இறக்கலாம் என்பதால், அங்கே அபார்த் 500 என்ற சின்ன வண்டியை எடுத்துப் பழகுபவர்கள் முதலில் குறைத்து வைத்து, பின் ஏற்றுவது நல்லது. முன்னால் போகும் வண்டியையே பிரேக்காகப் பயன்படுத்தி இடித்துத் திரும்புகிறார்களே சிலர், அதை வெற்றி என்று எண்ண மாட்டேன். கிரான் டூரிஸ்மோவில் இடிக்காமல் ஓட்டுபவருக்குக் கிடைக்கும் கிளீன் ரேஸ் போனஸும் போய்விடும்.

மினி கூப்பர் ரசிகர்கள் கமென்டில் வருவதற்கு முன் ஒன்று. 1964 மான்டே கார்லோ ராலியில் பேடி ஹாப்கிர்க் 1071 சிசி மினியில் 4.7 லிட்டர் ஃபோர்டு ஃபால்கனைத் தோற்கடித்தது உண்மை. வண்டிக்கேற்ற சலுகைக் கணக்கு ஒன்று அந்தப் போட்டியில் இருந்ததும் உண்மை. சுத்த வேகத்தில் ஃபால்கன் முந்தியிருந்தது. இதனால் மினியின் பெருமை குறையாது. பனியில் அந்த அளவுக்கு நெருங்கியதே பெரிய விஷயம். கேமில் பிபி வரம்பும் அதே வேலையைத்தான் செய்கிறது, அதைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம்மூரில் கோவை எஸ். கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். நரேன் கார்த்திகேயன் தொடங்கியது அந்த ஃபார்முலா மாருதியில்தான். சின்ன எஞ்சினில் பழகியவர் ஃபார்முலா 1 வரை போனார்.

லவுஞ்ச் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாள் கெய் வண்டி இரவு வையுங்கள்: சுகுபா, 10 சுற்று, எல்லோருக்கும் ஸ்போர்ட்ஸ் ஹார்ட் டயர், ரேஸ் அமைப்பில் ஸ்லிப்ஸ்ட்ரீமை ரியலில் போட்டு, நடுவில் ஒரே ஒரு ஜிடி-ஆரை மட்டும் இறக்கிவிடுங்கள். ஜிடி-ஆரை ஓட்டுபவருக்கு அன்று பாதிக் கட்டணம்கூடத் தரலாம், அவ்வளவு திட்டு வாங்குவார். மேசை ஆடாமல் வீலை இறுக்கிக் கட்டுங்கள், பிரேக் பெடல் தரையில் வழுக்காமல் சுவரோடு முட்டுக் கொடுங்கள். இந்த வண்டிகளை ஓட்ட பிரேக் பெடல்தான் முக்கியம், அது நகர்ந்தால் மேலே சொன்னது எதுவும் நடக்காது.