மேசையை வடிவா வச்சா அது ஷோவா?

ரெண்டு நாளா பேசாமத்தான் இருந்தனான். ஞாயிற்றுக்கிழமை என்ர வீட்டு விருந்து மேசையை எடுத்துப் போட்ட அந்த ஃபோட்டோவையும் அதுக்கு மேல எழுதியிருந்ததையும் நீங்கள் எல்லாரும் பாத்திருப்பியள், பாத்துட்டுத்தானே இவ்வளவு பேர் இன்பொக்ஸில வந்து "அக்கா பாத்தீங்களா" எண்டு கேட்டவை, அதால திரும்ப அந்த ஃபோட்டோவை நான் இங்க போடேல்ல, ஆள் ஆரெண்டும் சொல்லேல்ல. எழுதியிருந்தது இதுதான்: "சோத்துக்கும் கறிக்கும் இவ்வளவு ஷோ, விரிச்சிருக்கிறது பழஞ்சீலை." எழுதினவ என்ர மேசையில இருந்து சாப்பிட்டவ. ரெண்டாந்தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டவ. போகேக்க வட்டிலப்பமும் டப்பாவில கொண்டு போனவ. சாப்பாடு குடுத்ததைச் சொல்லிக் காட்டுற வளர்ப்பு எனக்கில்லை, ஆனா மனசு கேக்குதில்லை.

மேசையை வடிவா வைக்கிறது ஷோ இல்லை. வாற ஆக்களை நினைச்சு நாங்கள் விடியவே எழும்பிட்டம் எண்டு வாய் திறக்காமச் சொல்லுற ஒரு வழி அது. அவ்வளவுதான்.

கொழும்பில சித்திரை மாசம் எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் முதல் பாதியில சூரியன் எங்கட தலைக்கு நேர மேல. வெள்ளவத்தையில மூண்டாம் மாடி ஃபிளாட், ஏசி பெட்ரூமில மட்டும், சாப்பாட்டு மேசைக்கு மேல ஒரு ஃபேன். இந்தப் புழுக்கத்துக்குள்ள எட்டுப் பேரை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா, வாறவை கோல் ரோட் வெயில்ல வேர்த்துக் களைச்சுத்தான் உள்ள வருவினம். அந்த நேரம் கண்ணுக்குக் குளிர்ச்சியா ஒண்டு வேணும். அதுக்காகத்தான் வாழையிலை. சனிக்கிழமை பின்னேரம் மார்க்கெட்டில ரெண்டு தலைவாழையிலை வாங்கி, அடுப்பு நெருப்பில லேசா வாட்டி, இல்லாட்டி மடிக்கேக்க கிழிஞ்சு போகும், ஈரத் துணியில சுத்தி ஃபிரிட்ஜுக்குள்ள வச்சு, விடிய எடுத்து மேசைக்கு நடுவால நீட்டுக்கு விரிச்சன். தயிர் வாங்கின மண்சட்டி வீட்டில நாலு சேர்ந்து கிடந்தது, அதுக்குள்ள செவ்வரத்தை. ஏன் செவ்வரத்தை? அது தண்ணி இல்லாமலே அண்டைக்கு முழுக்க வாடாமக் கிடக்கும். மல்லிகை வச்சா அந்த வாசத்தில கறிவாசம் தெரியாது. அலரி வடிவுதான், ஆனா நஞ்சு, சாப்பாட்டுக்குப் பக்கத்தில கொண்டு வரவே கூடாது. பூவும் பதிவா இருக்கோணும், உயரமா வச்சா எதிர்ல இருக்கிறவையின்ர முகம் மறைச்சுப் போடும், பிறகு எப்பிடிக் கதைக்கிறது? மெழுகுதிரி வைக்கேல்ல, ஃபேன் காத்துக்கு நிக்காது. பேப்பர் நப்கின் பறக்கும் எண்டு ஒவ்வொண்டுக்கு மேலயும் ஒரு தேசிக்காய் வச்சன், பிறகு சாப்பாட்டில புழிஞ்சு விடவும் உதவிச்சுது. தயிர்ச்சட்டியை ஐஸ் போட்ட தாச்சிக்குள்ள இறக்கி வச்சன். தேங்காய்ப்பால் கறியள் எல்லாத்தையும் குசினியில சூடா வச்சு, சாப்பிட இருக்கிற நேரம்தான் கொண்டு வந்தன், இந்த வெக்கைக்கு ரெண்டு மணித்தியாலம் வெளியில கிடந்தா முருங்கைக்காய் வெள்ளைக்கறி பழுதாகிடும். இலைக்கும் பூவுக்கும் குடிக்க வாங்கின தம்பிலிக்கும் (செவ்விளநி) எல்லாம் சேர்த்து ரெண்டாயிரம் ரூபாவும் முடியேல்ல.

இதில எது ஷோ எண்டு ஆராவது எனக்குச் சொல்லுங்கோ.

"இது வெள்ளைக்காரன்ர பழக்கம், எங்கட ஆக்களுக்கு எதுக்கு" எண்டு ஒருத்தர் கீழ கொமெண்ட் போட்டிருந்தார். அண்ணை, வாசல்ல நிறைகுடம் வச்சு, கோலம் போட்டு, இலையின்ர தலைப்பு சாப்பிடுறவையின்ர இடக்கைப் பக்கம் வாற மாதிரி விரிச்சு, எந்தக் கறி இலையில எங்க எண்டு முறை வச்சிருக்கிற சனம் நாங்கள். எங்களுக்கு வெள்ளைக்காரன் வந்து படிப்பிச்சவனோ? முள்ளுக்கரண்டி இடப்பக்கம், கத்தி வலப்பக்கம் எண்டது அவையின்ர முறை. இலைத் தலைப்பு இடப்பக்கம் எண்டது எங்கட முறை. ரெண்டிலயும் விருந்தாளிக்கு ஒரு மரியாதை இருக்கு. எங்கட பாஷையையே பாருங்கோ. வீட்டுக்கு வந்த ஆக்களைப் பாத்து நாங்கள் என்ன சொல்லுறம்? "வடிவா சாப்பிடுங்கோ." வயிறு நிறையச் சாப்பிடுங்கோ எண்டு சொல்லவும் எங்களுக்கு வடிவுதான் வாயில வருது. அம்மா ஒவ்வொரு நாளும் சொன்ன சொல்லு.

இன்னொரு கொமெண்ட், "நாட்டில சனம் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படேக்க இது தேவையா" எண்டு. இது நியாயமான கேள்விதான், இதுக்கு நான் கோவிக்கேல்ல. ஆனா 2022ல காஸ் இல்லாம லைன்ல நிண்டனாங்கள், மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவை, அப்பவும் நான் மண்ணெண்ணெய் அடுப்பில பருப்பும் சோறும் வச்சு, மேசையைத் துடைச்சு, பிள்ளையளுக்குக் கோப்பையை ஒழுங்கா வச்சுத்தான் குடுத்தனான். இருக்கிறது கொஞ்சம் எண்டா அதை இன்னும் வடிவாக் குடுக்கோணும் எண்டுதான் நான் நினைக்கிறன். "உங்களுக்கு நேரம் இருக்கு" எண்டு சொல்லுறவைக்கு எனக்குப் பதில் இல்லை, நானும் கிழமையில அஞ்சு நாள் வேலைக்குப் போறனான்.

சரி. இப்ப அந்தப் பழஞ்சீலை.

அது அம்மா கலியாணத்துக்கு முந்தி தன்ர கையால தைச்ச மேசைச்சீலை. வெள்ளைத் துணி, நாலு ஓரத்திலயும் நீல நூல்ல குறுக்குத் தையல், நடுவில திராட்சைக் கொடி. யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டில கண்ணாடி அலுமாரிக்குள்ள மடிச்சு வச்சிருந்தவ, ஆக்கள் வந்தா விரிக்கிறது எண்டு. அதோட ஒரு நொரிடாகே பீங்கான் செட்டும், மாத்தளையில செய்தது, நாங்கள் ஒருத்தரும் ஒரு நாளும் அதில சாப்பிட்டதில்லை, எல்லாம் வாறவைக்கு எண்டுதான். 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி வெளிக்கிடேக்க பீங்கான் செட் அலுமாரிக்குள்ளயே நிண்டுட்டுது. அம்மா இந்தச் சீலையை எடுத்தவ, வடிவுக்காக இல்லை, எங்கட உடுப்பை மூட்டை கட்ட. மழையில, சனத்துக்குள்ள நெரிஞ்சு நாவற்குழிப் பாலம் தாண்டேக்க அந்த மூட்டை என்ர தலையில இருந்தது. எனக்கு அப்ப 14 வயசு. இப்பவும் சீலையின்ர ஒரு மூலை மற்ற மூலையளை விட நீட்டு. முடிச்சுப் போட்டு இழுத்த மூலை. எவ்வளவு அயர்ன் பண்ணினாலும் அது மட்டம் ஆகாது.

பிறகு கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில ஒரு லொட்ஜ் ரூமில நாலு பேர் இருந்தம். மேசை இல்லை. அம்மா சூட்கேசைப் படுக்க வச்சு, அதுக்கு மேல இந்தச் சீலையை நாலா மடிச்சு விரிச்சு, கடைப் பாணையும் பருப்பையும் வச்சுட்டு, "வடிவா சாப்பிடுங்கோ" எண்டவ. அந்த ரூமுக்கு வர எங்களுக்கு ஆர் விருந்தாளி? நாங்கள்தான். எங்களுக்குத்தான் அம்மா முதல்முறையா அந்தச் சீலையை விரிச்சவ.

அதைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை விரிச்சனான். புதுசு வாங்க வழியில்லாமல் இல்லை, புறக்கோட்டையில எத்தினையோ கிடக்கு. எனக்கு நெருங்கின ஆக்கள் எண்டு நினைச்ச ஆக்களுக்குத்தான் நான் அதை எடுக்கிறனான். அதுதான் எனக்குத் தாங்கேலாமக் கிடக்கு. ஷோ எண்டு சொன்னதைக் கூட மறந்திடுவன்.

சாப்பிடேக்க இறால் கறி சிந்தினது, அந்த நீட்டு மூலைக்குக் கிட்ட. சிந்தினவ ஆரெண்டு அவவுக்கே தெரியும். "ஐயோ சொறி" எண்டவ, நான் "பரவாயில்லை, நீங்கள் சாப்பிடுங்கோ" எண்டன். மஞ்சள்கறை சவுக்காரத்துக்குப் போகாது, வெயிலுக்குத்தான் போகும். ரெண்டு நாளா பல்கனியில காயப் போட்டிருக்கிறன், பாதி போட்டுது. இந்த வெயில் நிண்டா மிச்சமும் வாற ஞாயிற்றுக்கிழமைக்கிடையில போகும். அண்டைக்கு மாமியாக்கள் சாப்பிட வருகினம்.